கேமராவைக் கையில் கொடுப்பதற்கு முன்: போதைப்பொருள் பயன்படுத்துவோருடன் ஒளிப்பட ஆய்வு பற்றி ஒரு பதில்

சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டில் இருப்பதாகவும், வடசென்னையில் ஊசி வழியாகப் போதைப்பொருள் பயன்படுத்தும் பத்துப் பன்னிரண்டு பேரிடம் கேமராவைக் கொடுத்து அவர்களுடைய அன்றாட வாழ்க்கையை அவர்களையே படமெடுக்கச் செய்து ஆய்வேடு எழுதப் போவதாகவும், முகத்தை மறைத்துவிட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று வழிகாட்டி சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 'இது போதுமா, நேர்காணலில் கிடைக்காத எதையாவது இந்த முறை தருமா' என்பது உங்கள் கேள்வி. இதை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். படம் எதைக் காட்டும் என்பது ஒன்று. எடுத்த படம் பிறகு எங்கே போகும், அதனால் தீங்கு வந்தால் அதை யார் சுமப்பார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு தைரியமாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கான பதில் உங்கள் வழிகாட்டி சொல்வதைவிட நீளமானது. எச்ஐவி தடுப்புக் களப்பணியிலும் அதைச் சார்ந்த ஆய்வுகளிலும் பதினான்கு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இந்த முறையை இருமுறை கையாண்டு, அதில் ஒருமுறை பாதியிலேயே நிறுத்தியவன் என்ற இடத்திலிருந்து எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோவாய்ஸ் என்று இன்று அழைக்கப்படும் இந்த முறை, 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாநிலத்தில், ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் நடந்த பெண்கள் நலத் திட்டமொன்றில் உருவானது. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 62 கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்தார்கள். வயல் வேலையும் பிள்ளை வளர்ப்பும் தண்ணீர் சுமப்பதும் படங்களாக வந்தன. அவற்றை வைத்து அதிகாரிகளோடு பேச்சு நடந்தது. 1997இல் அவர்கள் எழுதிய கட்டுரை இந்த முறைக்கு மூன்று நோக்கங்களை வகுத்தது: மக்கள் தங்கள் சமூகத்தின் வலிமையையும் கவலையையும் பதிவு செய்தல், படங்களைச் சுற்றிக் கூடிப் பேசித் தங்கள் நிலைமையின் காரணங்களைத் தேடுதல், முடிவெடுப்பவர்களின் கண்ணுக்கு அதைக் கொண்டுசேர்த்தல். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் சிந்தனை இதில் அடியோட்டமாக இருக்கிறது. நம் கல்லூரிகளில் நான் பார்த்த ஆய்வேடுகளில் முதல் நோக்கம் மட்டும் தங்கி, மற்ற இரண்டும் பின்னிணைப்பில் ஒரு பத்தியாகச் சுருங்கிவிடுகின்றன.

யுன்னான் பெண்கள் படமெடுத்த வாழ்க்கையில் சட்டவிரோதமானது எதுவும் இல்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். நெல் நடுவதைப் படமெடுத்தால் யாரும் கைதாக மாட்டார்கள். அந்த நிலையில் பிறந்த முறையை, அன்றாட வாழ்க்கையே குற்றமாகக் கருதப்படும் மக்களிடம் கொண்டுவரும்போது எது மாறுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பாடம் கனடாவின் வான்கூவர் நகரத்து டவுன்டவுன் ஈஸ்ட்சைடு. அங்கே எச்ஐவி பரவியதால் 1997இல் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக்குள் போதைப்பொருள் பயன்படுத்துவோரே சேர்ந்து வாண்டு என்ற அமைப்பை நிறுவினார்கள். 2003 செப்டம்பரில் மேற்பார்வையுடன் ஊசி போட்டுக்கொள்ளும் இன்சைட் மையம் திறக்கப்பட்டது. அதே 2003இல் பிவட் என்ற சட்ட உதவி அமைப்பு அப்பகுதிவாசிகளிடம் ஒருமுறை மட்டும் பயன்படும் பிலிம் கேமராக்களைக் கொடுத்து, வந்த படங்களில் தேர்ந்தெடுத்தவற்றை நாட்காட்டியாக அச்சிட்டது. அந்த நாட்காட்டியைத் தெருவில் விற்று வருமானம் பார்த்தவர்களும் அப்பகுதி மக்களே. அது ஆய்வு அல்ல. ஆனாலும் ஆய்வாளர்களுக்கு அதில் செய்தி இருந்தது. வெளியிலிருந்து வந்த பத்திரிகைக் கேமராக்கள் அத்தனை ஆண்டுகளாகச் சந்துகளையும் ஊசிகளையும் சரிந்து கிடக்கும் உடல்களையும் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில், அங்கேயே வாழ்பவர்கள் நண்பர்களை, நாய்களை, குழந்தைகளை, சிரிப்பை எடுத்திருந்தார்கள்.

நேர்காணலில் கிடைக்காதது கிடைக்குமா என்றால், என் அனுபவத்தில் கிடைக்கும். அதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. டிஐ எனப்படும் இலக்குக் குழுக்களுக்கான எச்ஐவி தடுப்புத் திட்டங்களின் கீழ் வரும் பயனர்களை ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேள்வித்தாளோடு வந்து சந்திக்கிறார். முதலில் எப்போது எடுத்தீர்கள், ஊசியைப் பகிர்ந்தீர்களா, கடந்த மாதம் எத்தனை முறை. இந்தக் கேள்விகளுக்கு அவர்களிடம் தயார்ப் பதில்கள் இருக்கின்றன. நாம் மூன்றாவது கேள்வியை முடிப்பதற்குள் நான்காவதுக்குப் பதில் வந்துவிடும். படம் அந்தத் தடத்தை உடைக்கிறது. ஒருவர் கொண்டுவந்த படத்தில், பூட்டிய இரும்புக் கேட்டின் கம்பியில் மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு. கேட்டுக்கு உள்பக்கம் ஒரு ஜோடி பெண் செருப்பு. பசியையும் புறக்கணிப்பையும் பற்றிய படம் என்று நான் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அவர் சொன்னது வேறு: "அக்கா வூட்டுக்குள்ள வுடமாட்டாங்க சார். ஆனா நாலு வருசமா ஒரு நாள் கூட மாட்டாம வுட்டதில்ல." அவரிடம் குடும்ப ஆதரவு உண்டா என்று அதற்கு முன் இருமுறை கேள்வித்தாளில் கேட்டிருக்கிறோம், இருமுறையும் 'இல்லை' என்றே குறித்திருந்தது. கேள்வி 'ஆம், இல்லை' என்று கேட்டதால் அவர் இல்லை என்றார். அந்த கேரியர் இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொருவர் எடுத்தது ஒரு குழாயடி. பொதுக் கழிப்பறையின் வெளிச்சுவரில் இருந்த, கைப்பிடி கழன்ற குழாய். அவர்கள் வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுபவர்கள். மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் மாவு ரத்தக்குழாயை அடைத்துப் புண்ணாக்கும், அசுத்தத் தண்ணீர் அதை மேலும் கெடுக்கும். ஊசி புதிதாக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பேசிய எங்களில் ஒருவரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள், அதன் பிறகு அந்தக் குழாய்தான் என்று அந்தப் படம் சொல்லித்தான் தெரிந்தது.

அதே அளவுக்கு முக்கியமானவை எடுக்கப்படாத படங்கள். டாரின் ஹாட்ஜெட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் வீடற்றோருடன் செய்த வேலையின் அடிப்படையில் 2007இல் இதைப் பற்றியே தனியாக எழுதினார்கள். எதை எடுக்க நினைத்து எடுக்க முடியாமல் போனது, எதை எடுக்கவே கூடாது என்று முடிவு செய்தீர்கள், எந்த இடத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டால், சில சமயம் எடுத்த படங்களைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ளலாம். மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவை எடுக்க நினைத்தேன், அங்கே நிற்கும்போதே கை நடுங்கியது என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு மணி நேரம் பேசினோம். மேசையில் படமே இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி போதைப்பொருளை உட்கொள்வதே குற்றம். ஹெராயின், மார்ஃபின், கொக்கைன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்றவற்றுக்கு ஆறு மாதம், 10,000 ரூபாய். தாமாகச் சிகிச்சைக்கு முன்வருவோருக்கு 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, ஊசி வழங்குவது போன்ற தீங்கு குறைப்புப் பணிகளைக் குற்றமாகக் கருதக் கூடாது என்கிறது. இவை எதுவும் உங்கள் மடிக்கணினியில் இருக்கும் படத்தைக் காப்பாற்றாது. அமெரிக்காவில் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு, பங்கேற்பாளர் தகவலை நீதிமன்றம் கேட்டாலும் தர மறுக்கும் பாதுகாப்புச் சான்று உண்டு. அதற்கு ஒப்பான கவசம் நம் ஆய்வாளர்களுக்கு இல்லை. ஆகவே, காவல்துறை கேட்டால் மறுக்க முடியாத எந்தக் கோப்பையும் வைத்திருக்காமல் இருப்பதுதான் உங்கள் முதல் பாதுகாப்பு. பொருள், பயன்படுத்தும் செயல், விற்பவர், விற்கும் இடம் ஆகிய நான்கையும் எடுக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். இதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை: ஊசியைப் பற்றித்தான் ஒருவர் பேச விரும்பினால், நான் அவர் வாயை மூடுகிறேன். மாற்றாகச் சிலர் வெறும் கையை, ஒரு காலி நாற்காலியை எடுத்தார்கள், சிலர் வரைந்தார்கள். அது ஈடாகுமா என்றால் பாதிதான்.

முகத்தை மறைத்தால் போதும் என்ற யோசனைக்கு வருகிறேன். முகத்தை மறைத்த ஒரு படத்தை அச்செடுத்து, அந்தத் தெருவில் வேலை செய்யும் களப்பணியாளர் ஒருவரிடம் நாங்கள் காட்டினோம். சட்டையைப் பார்த்தே ஆளைச் சொன்னார். பின்னால் தெரிந்த மேம்பாலத் தூணின் எண்ணை வைத்து இடத்தையும் சொன்னார். கையில் பச்சை குத்திய பெயர், முழங்கைத் தழும்பு, சுவர் விளம்பரம், நிற்கும் தோரணை எல்லாமே அடையாளம். அதோடு, செல்போனில் எடுத்த படக்கோப்புக்குள் எடுத்த நேரமும், இருப்பிட வசதி திறந்திருந்தால் இடமும் எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இவற்றில் பெரும்பகுதி நீங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கூகுள் கணக்கில் தானாக நகலேறுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இருப்பிட வசதியை அணைத்த, சிம் இல்லாத, கணக்கு எதிலும் இணைக்காத போன்களை ஆய்வுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் போனை விற்றுவிட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றிரண்டு காணாமல் போகும், பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பங்கேற்பாளர் ஒருவரை இரவில் ரோந்துக் காவலர்கள் நிறுத்தி, இந்தப் போன் ஏது, பில் எங்கே என்று கேட்டுப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு எல்லோருக்கும் ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்து, 'போதைப்பொருள் பயன்படுத்துவோர் குறித்த ஆய்வில் பங்கேற்பவர்' என்று எங்கள் தலைப்புத்தாளில் அடிக்கவும் செய்துவிட்டோம். பியர் எஜுகேட்டர் ஒருவர், அதாவது பயனர்களிடையே இருந்தே களப்பணிக்கு வந்தவர், அதைப் படித்துவிட்டு, எங்களை மாட்டிவிட இது ஒன்று போதுமே என்றார். ஒளிப்படப் பயிற்சியில் இருப்பவர் என்று மட்டும் போட்ட கடிதத்தைக் கல்லூரி முத்திரையோடு கொடுங்கள். உங்கள் திட்டத்தின் ஒவ்வொரு காகிதத்தையும் இப்படிப் படித்துப் பார்க்க, அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவர் சம்பளத்தோடு உங்கள் குழுவில் இருக்க வேண்டும். 2005இல் கனடாவில் வெளிவந்த அறிக்கையொன்று, 'எங்களைப் பற்றிய எதுவும் எங்களை விட்டுவிட்டு வேண்டாம்' என்று இதைத்தான் கேட்டது. 2019இல் வான்கூவர் மக்கள் ஆய்வாளர்களுக்கென்றே தங்கள் நிபந்தனைகளை எழுதி வெளியிட்டார்கள். ஆய்வேட்டின் தலைப்பில் 'போதை அடிமைகள்' என்று நீங்கள் போட்டிருப்பதையும் அப்படி ஒருவர் முதல் நாளே அடித்துத் திருத்தியிருப்பார்.

மறைப்பதே எப்போதும் சரி என்றும் நான் நினைக்கவில்லை. மாலைப் பத்திரிகைகளில் கண்ணின் மேல் கறுப்புப் பட்டை போட்ட முகங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பட்டையைப் பார்த்ததுமே அவர் எதையோ செய்தவர் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. முகம் தெரிய வேண்டும், பெயரும் வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. இன்று கேட்கும் உரிமையை ஐந்து ஆண்டு கழித்து, வேலை கிடைத்த பிறகோ மகள் கல்யாணத்தின்போதோ எப்படி நினைப்பார்கள் என்பதைத்தான் அவர்களாலும் நம்மாலும் இன்று சொல்ல முடியாது. அதனால் நான் ஒப்புதலை மூன்று தனித்தனி நாட்களுக்குப் பிரித்துவிடுவேன். பங்கேற்க ஒப்புதல் ஒருநாள். படத்தில் இருக்கும் பிறருடைய ஒப்புதல், படமெடுக்கும்போதே. அச்சைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக வெளியிடும் ஒப்புதல். மூன்று படிவங்கள் வேண்டும் என்பதை கரோலின் வாங், ரெட்வுட்-ஜோன்ஸ் இருவரும் 2001இலேயே சொல்லிவிட்டார்கள். நாட்களை விலக்கி வைப்பது என் சேர்க்கை. டிபன் கேரியர் படத்தை எடுத்தவர் மூன்றாம் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. "கதைய எங்க வேணா சொல்லிக்கோ சார், படத்தக் காட்டாத, அக்கா வூட்டு கேட்டு அது" என்றார். எங்கள் அறிக்கையில் அந்தப் படம் இல்லை. இங்கே நான் எழுதியதிலும் சிலவற்றை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

ஒப்புதல் வாங்கும் நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக: போதையில் இருப்பவரால் முடிவெடுக்கவே முடியாது என்பது மிகை. பொருள் கிடைக்காமல் உடம்பு வலித்து வியர்த்துக் கொட்டும் நேரம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. அப்போது எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்து விழும். பணமாகக் கொடுக்கலாமா, கூப்பனா என்ற கேள்விக்கு, டேவிட் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் அமெரிக்காவில் 2005இல் வெளியிட்ட ஆய்வு, தொகையின் அளவோ பணமாகத் தருவதோ போதைப்பொருள் பயன்பாட்டைக் கூட்டவில்லை என்று கண்டது. அது சிகிச்சையில் இருந்தவர்களிடம் செய்யப்பட்டது. அப்படியே நம் தெருவுக்குப் பொருந்தும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் பணமாகவே கொடுக்கிறேன். ஒருவருடைய நேரத்துக்கான கூலியை எப்படிச் செலவு செய்ய வேண்டும் என்று சொல்வது என் வேலை இல்லை.

படங்களை வைத்துப் பேசுவதற்கு ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு சட்டகம் பாடநூல்களில் இருக்கும்: இங்கே என்ன காண்கிறீர்கள், உண்மையில் என்ன நடக்கிறது என்று தொடங்கி, இதற்கு என்ன செய்யலாம் என்று முடியும். எங்கள் குழுவில் அதை வரிசையாகக் கேட்டபோது பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் ஆகிவிட்டது. இரண்டாம் வாரமே விட்டுவிட்டு, படத்தை நடுவில் வைத்து யாராவது பேசும்வரை காத்திருந்தோம். பெண்களைக் கலப்புக் குழுவில் உட்காரவைக்க வேண்டாம். நான் பாதியில் நிறுத்தியது அப்படி ஒரு குழுவைத்தான். அதிலிருந்த பெண் ஒருவரின் துணைவர் அவர் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கியிருந்தார். குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில் அவற்றைப் பயன்படுத்தப்போவதாக மிரட்டியதும் தெரியவந்தது. அந்த ஆபத்தை நான் முன்கூட்டி நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த முறையால் கொள்கை மாறும் என்று உங்கள் முன்மொழிவில் எழுதியிருப்பதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். கரிசியா கட்டலானியும் மெரெடித் மிங்க்லரும் 37 கட்டுரைகளைத் திரட்டி 2010இல் செய்த மதிப்பாய்வில், பங்கேற்பு ஆழமாக இருந்த திட்டங்கள் மக்களோடு நீண்ட கால உறவும் நல்ல பயிற்சியும் கொண்டிருந்தவை என்று தெரிந்தது. விளைவைச் சரியாக அளந்த திட்டங்கள் குறைவு. பங்கேற்றவர்களுக்குத் தன்னம்பிக்கை வளர்ந்தது என்று நாம் எல்லோரும் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். கடைசிக் கூட்டத்தன்று, பிரியாணியும் சான்றிதழும் கொடுத்த கையோடு கேட்டு வாங்கிய பதில்கள் அவை.

உங்களுக்கு இருப்பது ஆறு மாதம். களத்தில் முன்பின் பழக்கம் இல்லை என்றும் சொல்கிறீர்கள். இந்த நிலையில் நான் கேமரா கொடுக்க மாட்டேன். அந்தப் பகுதியில் ஏற்கெனவே வேலை செய்யும் திட்டமொன்றின் டிராப்-இன் சென்டரில் (பயனர்கள் வந்து ஓய்வெடுத்துப் போகும் மையத்தில்) முதல் இரண்டு மாதம் எதையும் பதிவு செய்யாமல் உட்காருங்கள். கேரம் ஆடுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். பிறகு அவர்களிடமே ஏற்கெனவே இருக்கும் படங்களில் ஒன்றை எடுத்துவரச் சொல்லி அதை வைத்துப் பேசுங்கள்: பர்ஸில் இருக்கும் பாஸ்போர்ட் சைஸ் படம், அம்மாவின் பழைய படம், போன் முகப்பில் வைத்திருக்கும் படம். உரையாடலை மட்டும் பதிவு செய்துகொண்டு படத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். நகல் எடுக்க வேண்டியதில்லை. ஒளிப்படத்தை முன்வைத்து நேர்காணல் செய்வது போட்டோவாய்ஸைவிடப் பழைய முறை. ஜான் காலியர் 1950களிலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். எத்திக்ஸ் கமிட்டியும் இதை எளிதாகப் புரிந்துகொள்ளும். இதற்குப் பிறகும் கேமராதான் வேண்டும் என்று அவர்களே கேட்டால், விண்ணப்பத்தில் மூன்று ஒப்புதல் படிவங்களோடு இன்னொரு தாளையும் சேர்த்து வையுங்கள்: எந்தத் தேதியில் கோப்புகள் அழிக்கப்படும், அழிப்பவர் யார், அப்போது பக்கத்தில் இருந்து பார்க்கப்போகும் பங்கேற்பாளர் யார் என்று எழுதிய தாள். அந்தப் பங்கேற்பாளரின் பெயரை உங்கள் பட்டியலில் உள்ள ரகசியக் குறியெண்ணால் மட்டும் எழுதுங்கள்.